கொடைக்கானலில் அடுத்தவர் வீட்டை விருந்தினருக்கு விட்டு நடத்தும் தொழில்: தொடங்கலாமா?

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறேன், வயது 34. பதினோரு வருடம் டிராவல்ஸில் வேலை. கொடைக்கானலுக்கு வண்டி அனுப்பி அனுப்பி அங்கே நாலு வீட்டு ஓனர்கள் பழக்கமாகிவிட்டார்கள். ஒருவர் துபாயில், மற்றவர்கள் சென்னையில். வருடத்தில் பத்து மாதம் வீடு பூட்டியே கிடக்கிறது, வாட்ச்மேன் சம்பளம் மட்டும் போகிறது. "நீயே எடுத்து நடத்தேன், வருவதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்" என்கிறார்கள்.

வீடு வாங்க வேண்டாம், கட்ட வேண்டாம். நல்ல படம் எடுத்து ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம் என்ற இரண்டு புக்கிங் தளத்திலும் போடுவது, புக்கிங் பார்ப்பது, சாவி கொடுப்பது, சுத்தம் செய்து வைப்பது. இதற்கு 20 சதவீதம் கேட்கலாம் என்று இருக்கிறேன். நாலு வீட்டில் தொடங்கி ஒரு வருடத்தில் பத்தாக்க ஆசை. கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. அல்லது பாதியைப் போட்டு ஒரு வீட்டை மாத வாடகை பேசி லீஸுக்கு எடுத்து, வரும் லாபம் முழுவதையும் நானே வைத்துக்கொள்ளலாமா? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பாண்டி மணி

லீஸ் வேண்டாம் நண்பா. நான் புதுச்சேரியில் 2018-ல் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலு வீடு, மாதம் மொத்தம் 1,30,000 வாடகை. சோபா, கட்டில், ஏசி எல்லாம் என் காசு. ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. கெஸ்ட் ஒருவரும் இல்லை, வாடகை மட்டும் ஒன்றாம் தேதி வந்து நிற்கிறது. இரண்டு ஓனர்கள் பாதி விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு பேர் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கடன் அவர்களுக்கு. மனைவி நகையை வைத்துத்தான் வெளியே வந்தேன். இப்போது பங்கு முறை மட்டும். ஓடினால் இருவருக்கும் வரும், ஓடாவிட்டால் என் தலையில் விழாது.

குறிஞ்சிமேடு

தம்பி, நான் கொடையில் 7 வீடு பார்க்கிறேன், இது ஆறாவது வருடம். மணி சொன்னது சரி, லீஸ் பக்கம் போகாதீர்கள். ஆனால் பங்கு முறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் அதில் விழுந்து எழுந்தவள், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

படம் எடுப்பது, புக்கிங் பார்ப்பது, மெசேஜுக்குப் பதில் போடுவது எல்லாம் இதில் சின்ன வேலை. மதுரையில் உட்கார்ந்தே செய்துவிடலாம். தொழில் நடப்பது சனிக்கிழமை காலை 11 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் நடுவில். 11-க்கு ஒரு குடும்பம் கிளம்பும், 1-க்கு அடுத்த குடும்பம் பையோடு வாசலில் நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று அறை, மூன்று குளியலறை, எண்ணெய் தெறித்த அடுப்பு, சோபா இடுக்கில் போன சிப்ஸ், எல்லாவற்றையும் யாரும் தங்காத வீடு மாதிரி ஆக்க வேண்டும். அதைச் செய்வது நீங்களும் இல்லை, நானும் இல்லை, இரண்டு பெண்கள். அவர்கள் வராவிட்டால் உங்களுக்குத் தொழிலே கிடையாது.

இப்போது கணக்கு. நாயுடுபுரம் பக்கம் நான் பார்க்கும் மூன்று படுக்கையறை வீடு, போன வருடம் 130 இரவு ஓடியது. சீசனும் வார இறுதியும் சேர்ந்து 80 இரவு, சராசரி 7,500 ரூபாய். மற்ற 50 இரவு 4,500. மொத்தம் 8,25,000. தளங்களின் கமிஷன் போக ஏறத்தாழ 7 லட்சம். அதில் 20 சதவீதம் 1,40,000. மாதம் 11,700 வருகிறதே, நாலு வீடு என்றால் 46,000 ஆச்சே என்று தோன்றும்.

செலவைப் பாருங்கள். 130 இரவு என்றால் என் கணக்கில் 80 குடும்பம். ஒவ்வொரு குடும்பம் போன பிறகும் இரண்டு பேர் கூலி 800, துவைக்க 450, சோப்பு, டீத்தூள், சர்க்கரை, குப்பைப் பை என்று 150. ஆக 1,400. எண்பது தடவைக்கு 1,12,000. "சுத்தம் என் பொறுப்பு" என்று வாய் வார்த்தையாகச் சொல்லி, அதை உங்கள் பங்கிலிருந்தே கொடுத்தால் வருட முடிவில் மிஞ்சுவது 28,000. மாதம் 2,300 ரூபாய். அதிலிருந்துதான் பெட்ரோல், போன், உடைந்த கப்பு.

முதல் வருடம் நான் அப்படித்தான் ஒப்புக்கொண்டேன். வருடக் கடைசியில் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோது வீட்டு வேலைக்கு வந்த அக்கா என்னைவிட அதிகம் சம்பாதித்திருந்தார். அவருக்குக் கொடுத்தது ஒரு ரூபாய் கூட அதிகமில்லை, என் ஒப்பந்தம்தான் தப்பு. இப்போது சுத்தம் செய்யும் கட்டணத்தைக் கெஸ்டிடமே பில்லில் தனியாகக் காட்டி வாங்குகிறேன். அது வேண்டாம் என்கிற ஓனரிடம், பங்கு பிரிப்பதற்கு முன்பே அந்தச் செலவைக் கழித்துவிடுகிறேன். 20-ஆ 25-ஆ என்று பேரம் பேசுவதற்கு முன்னால் துவைப்புச் செலவு யார் தலையில் என்று பேசுங்கள்.

வைகைக்கரை

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. என் கணக்குத் தாளில் சுத்தம் செய்ய ஒரு தடவைக்கு 500 என்று போட்டு வைத்திருந்தேன். துவைக்க வாஷிங் மெஷின் வாங்கி வைத்துவிட்டால் போதாதா?

குறிஞ்சிமேடு

மெஷின் துவைக்கும் தம்பி, காய வைக்காதே. கொடையில் பிரச்சினை காய்வதுதான். ஐப்பசி கார்த்திகை மழையில் கயிற்றில் போட்ட பெட்ஷீட் மூன்றாம் நாளும் கையில் பிசுபிசுக்கும். அப்படியே மடித்து வைத்தால் ஒரு பூஞ்சை வாடை ஏறும். என்ன செண்ட் அடித்தாலும் போகாது. கெஸ்ட் கதவைத் திறந்ததும் முதலில் மூக்குதான் வீட்டைப் பார்க்கும். எனக்கு வந்த மோசமான ரிவ்யூக்களில் பாதி "ஈர வாடை" என்றுதான் ஆரம்பிக்கும்.

நான் இரண்டு வருடமாக மழைக் காலத்தில் விரிப்பு எல்லாவற்றையும் வத்தலக்குண்டுக்கு இறக்கிவிடுகிறேன். கேரட், பூண்டு ஏற்றி இறங்கும் வேனில் மூட்டை போகும். அடிவாரத்து வெயிலில் காய்ந்து, இஸ்திரி போட்டு, மறுநாள் காலி வேனில் மேலே வரும். மூட்டையைப் பிரிக்கும்போது இன்னும் சூடு இருக்கும். அந்த வெயில் வாசனைக்காகவே அந்தச் செலவைச் செய்யலாம். ஆனால் துணி ஒரு நாள் கீழே இருப்பதால் ஒரு கட்டிலுக்கு இரண்டு செட் போதாது.

அடையாறு ஆலமரம்

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். எனக்குக் கொடையில் வீடு இருக்கிறது, 1984-ல் அப்பா கட்டியது. ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் வருடத்தில் ஒரு மாதம் போய் இருப்போம். நாலு வருடத்துக்கு முன் ஒருவரிடம் நிர்வாகத்துக்குக் கொடுத்தோம். பெயர் வேண்டாம். மாதா மாதம் கொஞ்சம் பணம் அனுப்புவார், "இந்த மாதம் டல் சார்" என்பார். நாங்களும் நம்பினோம்.

மின்கட்டணம்தான் காட்டிக் கொடுத்தது. டல் என்று சொன்ன இரண்டு மாதத்துக்கு 640 யூனிட். ஆள் இல்லாத வீட்டில் கீசர் யாருக்காக ஓடியது? தளத்தில் காலண்டரை அடைத்துவிட்டு, தெரிந்த டிரைவர்கள் மூலம் நேரடியாக ஆள் வைத்திருக்கிறார். பணம் போனதைவிட, அப்பா உட்கார்ந்து பேப்பர் படித்த பிரம்பு நாற்காலியின் கை ஒடிந்து, கயிற்றால் கட்டி மூலையில் வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் மனைவிக்கு அழுகை வந்தது. உடைந்தால் உடைந்தது, ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

தம்பி, உங்களிடம் வீட்டைக் கொடுக்கும் ஓனர் நினைப்பது இதைத்தான். வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுவார், நீங்களே முன்வந்து கொடுங்கள். தளத்தின் காலண்டரை அவரும் எந்நேரமும் பார்க்கும்படி வையுங்கள். நேரடியாக வரும் ஆட்களையும் அதே காலண்டரில் ஏற்றுங்கள். உடைந்தது எதுவானாலும் அன்றைக்கே படம் அனுப்புங்கள். ஓனரின் சொந்தச் சாமான்களை ஒரு அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை

ஐயா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. டிராவல்ஸிலும் இப்படி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்ன நாலையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்.

பணம் யார் கணக்குக்கு வர வேண்டும் என்பதில் குழப்பம். என் பெயரில் ஒரே கணக்காக வைத்து நாலு வீட்டையும் போட்டால் எனக்கு வேலை சுலபம். மாதம் ஒருமுறை பிரித்து அனுப்பிவிடலாம்.

கணக்குப்பிள்ளை

திண்டுக்கல்லில் ஆடிட் ஆபீஸில் இருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள். தளத்தில் எந்த பான் எண் இருக்கிறதோ, அந்த ஆளுக்குத்தான் வருமானம் என்று வருமான வரித்துறைக்குப் போகும். தளம் முன்கூட்டியே பிடிக்கும் வரி (டிடிஎஸ்) சிறியதுதான், 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம், அதற்கு முன் 1 சதவீதமாக இருந்தது. ஆனால் அந்த 0.1 எந்தத் தொகையில் பிடிக்கப்பட்டதோ அந்த முழுத் தொகையும் உங்கள் பெயரில் பதிவாகும். நாலு வீட்டுக்கு 33 லட்சம் உங்களுக்கு வந்ததாகத் தெரியும். அதில் உங்களுடையது ஐந்தாறு லட்சம்தான் என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் சேவைத் தொழிலுக்கு வருட வரம்பு 20 லட்சம். அந்தக் கேள்வியும் உங்கள் பக்கம் திரும்பும்.

ஓனர் பெயரில், ஓனர் பான் எண்ணில், ஓனர் வங்கிக் கணக்கில் லிஸ்டிங் இருக்கட்டும். ஏர்பிஎன்பியில் கோ-ஹோஸ்ட், அதாவது ஓனரோடு சேர்ந்து நடத்துபவர் என்று உங்களைச் சேர்க்க வழி இருக்கிறது. உங்கள் பங்குக்கு நீங்கள் பில் போட்டு வாங்குங்கள். உங்கள் சொந்தக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு செய்து 18 சதவீதம் போட வேண்டும். அறை வாடகைக்கான வரி வேறு. ஓனர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், தளம் வழியாக வரும் புக்கிங்குக்குத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். இரவுக்கு 7,500 வரை உள்ள அறைக்கு அது 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5.

துபாய்க்காரர் வீட்டை மாத வாடகைக்கு எடுக்கும் யோசனை இன்னும் இருந்தால், வெளிநாடு வாழ் இந்தியருக்குத் தரும் வாடகையில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்கு முறை என்றாலும் அவர் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, கரண்ட். வீட்டு இணைப்பு 1-ஏ கட்டணத்தில் இருக்கும், இலவச யூனிட் எல்லாம் அதில்தான். வணிகப் பயன்பாட்டுக்கு அதை ஓட்டிப் பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். முதலிலேயே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது. அந்தச் செலவு ஓனருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பாண்டி மணி

சார், ஹோம்ஸ்டே என்று பதிவு செய்தால் போதாதா?

கணக்குப்பிள்ளை

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஓனர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. விருந்தினருக்கு 1 முதல் 6 அறை வரை விடலாம். ஓனர் சென்னையில் இருந்துகொண்டு முழு வீட்டையும் விட்டால் அது ஹோம்ஸ்டே ஆகாது. போர்டில் மட்டும் எழுதி வைப்பது வேறு விஷயம்.

குறிஞ்சிமேடு

கட்டட அனுமதியையும் பாருங்கள் தம்பி. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுப்படி, அனுமதி மீறிய கட்டடங்கள் பலவற்றுக்கு இங்கே நகராட்சி சீல் வைத்தது. பக்கத்துத் தெருவில் நான் நேரில் பார்த்தேன். கெஸ்ட் பெட்டியோடு நடுரோட்டில் நின்றார்கள். வீடு உங்களுடையது இல்லை, ஆனால் அட்வான்ஸ் வாங்கியது நீங்கள். வரைபட அனுமதியின் நகல் தராத ஓனரின் வீட்டை நான் எடுப்பதே இல்லை. நல்ல நல்ல வீடுகளை அப்படி விட்டிருக்கிறேன்.

இ-பாஸ் (மலைக்கு வரும் வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதி) பற்றியும் கெஸ்டிடம் முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள். 2024 மே 7-லிருந்து இருக்கிறது. 2025 சீசனில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று அளவு வைத்தார்கள். பாஸ் எடுக்காமல் வந்து செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டு, "பணத்தைத் திருப்பு" என்று சண்டைக்கு வருவார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் இங்கே கூடாது, அதனால் வீட்டில் கேன் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வட்டக்கானல் பக்கம் வீடு எடுத்தால் வெளிநாட்டினர் நிறைய வருவார்கள். அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். ஓனர் ஊரில் இல்லாததால் அது உங்கள் வேலை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கரி அடுப்பு. குளிருக்கு பார்பிக்யூ கேட்பார்கள், கொடுக்கிறோம். மழை வந்ததும் அதை அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கரிப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலை ஊர்களில் அப்படி உயிர் போயிருக்கிறது. எங்கள் வீடுகளில் இரவு பத்து மணிக்குக் கேர்டேக்கர் நேரில் போய் அடுப்பை வாங்கி, தண்ணீர் ஊற்றி அணைத்து எடுத்து வந்துவிடுவார். "நாளைக்குக் காலையில் தருகிறோம்" என்றாலும் விடமாட்டார். இதற்காக ரேட்டிங் குறைந்தாலும் பரவாயில்லை.

மூஞ்சிக்கல் முத்து

நான் இந்த ஊர்க்காரன், டாக்ஸி ஓட்டுகிறேன். எங்கள் தெருவில் இப்படி மூன்று வீடு. கோடையில் எங்களுக்கு நகராட்சித் தண்ணீர் நாள் விட்டு நாள் கூட வராது, அந்த வீடுகளுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் இறங்கும். லாரி தெருவை அடைத்து நின்றால் என் வண்டியை எடுக்க முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கர். மிச்ச பிரியாணியைப் பையோடு வாசலில் வைப்பார்கள், காலையில் காட்டுமாடு வந்து பையைச் சேர்த்துத் தின்னும். ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

தொழில் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தங்கச்சி அப்படி ஒரு வீட்டில்தான் வேலை பார்க்கிறாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கையில் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும், ராத்திரி அடித்தால் நீங்கள் எடுக்க வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு எடுத்து என்ன செய்வீர்கள்? மேலே ஒரு ஆள் வேண்டும். சீசன் முடிந்ததும் வேலைக்கு வருகிறவர்களை "அடுத்த சித்திரைக்கு வா" என்று அனுப்பாதீர்கள். மழை மாதத்திலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

வைகைக்கரை

முத்து அண்ணா, சொன்னதற்கு நன்றி. நாலு வீடு என்று தொடங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அக்கா, ஒரு சனிக்கிழமை உங்களோடு வந்து நிற்கலாமா?

குறிஞ்சிமேடு

வாங்க தம்பி. பத்தரைக்கு வந்துவிடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற மாதிரி வாங்க.

வைகைக்கரை

போய் வந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

11 மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் 11.40-க்குத்தான் கிளம்பினார்கள். அடுத்தவர்கள் பெருமாள் மலையில் டீ குடிப்பதாக அப்போதே போன். உள்ளே போனதும் அங்கே வேலை செய்யும் அக்கா முதலில் எல்லா ஜன்னலையும் திறந்தார், பிறகு மூன்று கீசரையும் போட்டுத் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார். விரிப்பை உருவி நடு அறையில் குவித்தபோது ஒன்றில் மருதாணிக் கறை. அதைத் தனியாக எடுத்து எலுமிச்சையும் சோப்பும் தேய்த்து வாளியில் போட்டார். நான் தலையணை உறை மாட்டினேன். நான் மூன்று மாட்டுவதற்குள் அவர் இரண்டு கட்டிலை முடித்துவிட்டார். ஈரத் துண்டு ஒன்றை மடித்துக் கம்பியில் போட்டேன், எடுத்து முகர்ந்து பார்த்துத் துவைக்கும் மூட்டையிலேயே போட்டார். குப்பையை நாலாகப் பிரித்தோம். 1.05-க்கு அடுத்த கார் ஹாரன் அடித்தது. அவர் பின் வாசல் வழியாக மாப்போடு வெளியே வந்துகொண்டிருந்தார். 800 ரூபாயை இருவர் பிரித்துக்கொள்கிறார்கள் என்பதை மனசு ஏற்கவில்லை. நான் ஆளுக்கு 500 போட்டுக் கணக்கை மாற்றிவிட்டேன்.

ஒரே வீடு எடுக்கிறேன், சென்னை ஓனருடையது. வரைபட அனுமதி நகல் அனுப்பிவிட்டார். லிஸ்டிங், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில். சுத்தம் செய்யும் செலவைக் கழித்த பிறகு எனக்கு 20. முத்து அண்ணாவின் சித்தப்பா மகன் மேலே கேர்டேக்கராக இருக்கச் சம்மதித்திருக்கிறார், வருடம் முழுக்க மாதச் சம்பளம். துபாய்க்காரரிடம் ஆறு மாதம் டைம் கேட்டிருக்கிறேன்.

அக்கா, விரிப்பு எத்தனை செட், எங்கே வாங்கலாம்?

குறிஞ்சிமேடு

நல்லது தம்பி. அந்த 500 விஷயம் என்னையும் யோசிக்க வைத்துவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து நானும் ஏற்றுகிறேன்.

ஒரு கட்டிலுக்கு நாலு செட். வெள்ளையே வாங்குங்கள், கறை தெரியட்டும், தெரிந்தால்தான் போக்க முடியும். கரூரில் நேரடியாக மொத்த விலைக்குக் கொடுப்பார்கள், ஓரம் தைத்தே தருவார்கள். சும்மா கையில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். ஒன்றை வாங்கி வந்து மூன்று தடவை துவைத்துப் பாருங்கள், சுருங்குகிறதா என்று தெரிந்த பிறகு மொத்தமாக ஆர்டர் கொடுங்கள். போகும்போது ஒரு போன் பண்ணுங்கள், எனக்கும் இருபது தலையணை உறை வேண்டும்.